கடைசி பெஞ்சில் உட்காரும் பயிற்றுநர்

கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? அமெரிக்காவில் அறிவியல் கல்வியை ஆராய்ந்த மேரி பட் ரோ, தொடக்கப்பள்ளி வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவு செய்து இதை அளந்தார். 1970களில் வெளிவந்த அவருடைய கட்டுரைகளின்படி, சராசரியாக ஒரு நொடிதான். அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியர் கேள்வியைத் திருப்பிச் சொல்கிறார், வேறு பிள்ளையைக் கேட்கிறார், அல்லது பதிலைத் தானே சொல்லிவிடுகிறார். மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீள்கின்றன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசுகிறார்கள். "தெரியாது" என்பது குறைகிறது. இன்னொன்றையும் ரோ கவனித்தார். நன்றாகப் படிப்பவர்கள் என்று தாங்கள் நினைக்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் கூடுதல் நேரம் தருகிறார்கள். மந்தம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்குக் குறைவாகத் தருகிறார்கள். யோசிக்க அதிக நேரம் தேவைப்படுபவருக்கே குறைந்த நேரம்.

எந்த ஆசிரியரும் இதைத் திட்டமிட்டுச் செய்வதில்லை. செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. நாற்பது பிள்ளைகள், ஒரு கரும்பலகை, முடிக்க வேண்டிய பகுதி, வாசலில் வந்து நிற்கும் சத்துணவு அமைப்பாளர் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பவர், தான் எத்தனை நொடி காத்திருந்தோம் என்பதை எப்படிப் பார்ப்பார்? ஆசிரியர் தன் வகுப்பைத் தானே பார்க்க முடியாது. கடந்த நாற்பது ஆண்டுகளில் பல நாடுகளில் வளர்ந்திருக்கும் வகுப்பறை வழிகாட்டல் என்ற ஏற்பாடு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஒரு பயிற்றுநர் வகுப்புக்கு வருகிறார், பார்க்கிறார், பிறகு ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுகிறார். நாளடைவில் அந்தப் பேச்சை ஆசிரியர் தனக்குள்ளேயே நடத்தக் கற்றுக்கொள்வார் என்பது எதிர்பார்ப்பு. அது நடக்கிறதா, எங்கே நடக்கிறது, எங்கே வெறும் பதிவேடாக முடிகிறது என்பதற்கு இன்று ஓரளவு நம்பகமான சான்றுகள் உள்ளன.

தன் செயலைப் பின்னோக்கி ஆராயும் மீள்நோக்கைக் கல்வியின் மையத்தில் வைத்தவர் ஜான் டூயி. 'நாம் எப்படிச் சிந்திக்கிறோம்' என்ற அவருடைய நூல் 1910இல் வந்தது. குழப்பம் ஏதாவது குறுக்கிட்டால்தான் மனிதன் உண்மையில் யோசிக்கத் தொடங்குகிறான் என்பது அவர் வாதம். 1983இல் டொனால்ட் ஷோன், உளச்சிகிச்சையாளர், கட்டடக் கலைஞர் போன்ற தொழில்முறையாளர்கள் வேலையின் நடுவிலேயே எப்படித் தங்களைத் திருத்திக்கொள்கிறார்கள் என்று எழுதினார். அவருடைய சொற்களை உலகெங்கும் ஆசிரியர் கல்வி பிடித்துக்கொண்டது. இந்தியாவில் 2009இல் வெளிவந்த ஆசிரியர் கல்விக்கான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும், தன் பணியைத் தானே ஆராயும் ஆசிரியரை உருவாக்குவதைக் குறிக்கோளாக வைத்தது.

நடைமுறையில் கிடைத்தது ஒரு நோட்டு. பி.எட். மாணவர்கள் 'இன்று நான் கற்றுக்கொண்டது' என்று எழுதுகிறார்கள். பாதிப் பேர் ஒரே நாளில், கடைசி வாரத்தில், ஒரே பேனாவில் எழுதி முடிக்கிறார்கள் என்பது கல்லூரி வட்டாரத்தில் ஊரறிந்த ரகசியம். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நினைவில் தங்குவது வகுப்பின் மனநிலைதான். பாடம் நன்றாகப் போனது, அல்லது பசங்க அடங்கவில்லை. எந்தக் கேள்விக்கு யார் பதில் சொன்னார்கள், யார் கடைசி வரை பேசவே இல்லை என்பதெல்லாம் மாலைக்குள் கரைந்துபோகும். ஆதாரம் கையில் இல்லாத மீள்நோக்கு, தன்னைத் தானே பாராட்டுவதிலோ திட்டிக்கொள்வதிலோ போய் நிற்கும்.

வகுப்பில் நடக்கும் பேச்சை மூன்று நொடிக்கு ஒரு குறி என்று பதிவு செய்யும் முறையை நெட் ஃபிளாண்டர்ஸ் 1960களிலேயே உருவாக்கிவிட்டார். வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேச்சு, அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது என்பது அவர் கண்ட பொது நிலை. 1963இல் ஸ்டான்ஃபோர்டில் டுவைட் ஆலன் தொடங்கிய நுண்ணிலைக் கற்பித்தலும் இதே வகைதான்: சின்னப் பாடம், பதிவு, பார்த்துத் திருத்தி மறுபடி நடத்துவது. இரண்டும் நம் பி.எட். பாடத்தில் இருக்கின்றன. ஃபிளாண்டர்ஸின் பத்து வகைகளை மனப்பாடமாகச் சொல்லும் ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். தன் வகுப்புக்கு அதை ஒருமுறையாவது போட்டுப் பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பயிற்றுநரை வகுப்புக்குள் கொண்டுவந்த எழுத்துகளில் முன்னோடியானவை புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களின் தொடக்கத்தில் எழுதியவை. பயிலரங்கில் கற்றது ஏன் வகுப்புக்குள் வருவதில்லை என்பது அவர்கள் கேள்வி. விளக்கவுரை, செய்துகாட்டல், பயிற்சி மூன்றும் இருந்தாலும், திரும்பிப் போன பிறகு பக்கத்தில் ஒருவர் இல்லாவிட்டால் புதிய முறை சில வாரங்களில் கைவிடப்படுகிறது என்றார்கள். இன்றும் பயிற்சி மேடைகளில் 'பயிற்றுநர் இல்லாவிட்டால் 5 சதவீதம், இருந்தால் 95 சதவீதம்' என்று ஓர் அட்டவணை அவர்கள் பெயரால் காட்டப்படுகிறது. அந்த எண்கள் அவர்கள் அனுபவத்தின் மதிப்பீடு. ஒரே சோதனையில் அளந்து எடுத்தவை அல்ல. அவர்கள் சொன்னதிலேயே சுவையான பகுதி வேறு. சக ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் வாய்மொழியாகக் குறைநிறை சொல்லத் தொடங்கியதும் கூட்டுறவு உடைந்துபோகிறது என்று கண்டு, 1996 வாக்கில் அந்தப் பகுதியையே தங்கள் முறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சேர்ந்து திட்டமிடுங்கள், ஒருவர் நடத்துவதை மற்றவர் பாருங்கள், தீர்ப்பு மட்டும் வேண்டாம்.

அங்கிருந்து இரண்டு வழிகள் பிரிகின்றன. ஆர்தர் கோஸ்டாவும் ராபர்ட் கார்ம்ஸ்டனும் 1980களில் வளர்த்த முறையில் பயிற்றுநர் கேள்விதான் கேட்பார்; விடை ஆசிரியருக்குள்ளிருந்து வர வேண்டும். கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் நைட் இருவரும் சமம் என்ற கொள்கையை வைத்தார்: இலக்கைத் தேர்ந்தெடுப்பது ஆசிரியர், அதை அடைய வழி காட்டுவது பயிற்றுநர். எதிர்ப்பக்கத்தில் பால் பாம்ப்ரிக் சான்டோயோ போன்றவர்கள். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு சிறிய மாற்றத்தைப் பயிற்றுநரே வெளிப்படையாகச் சொல்லட்டும், அதை அப்போதே ஒத்திகை பார்க்கட்டும் என்பது இவர்கள் கட்சி. முதல் தரப்புக்கு இரண்டாவது அதிகாரமாகத் தெரிகிறது. இரண்டாம் தரப்புக்கு முதலாவது, பதில் தெரிந்தும் சொல்லாமல் சுற்றிவளைப்பதாகத் தெரிகிறது. என் பார்வையில் சண்டை காகிதத்தில்தான் பெரிது. நல்ல உரையாடல் ஒன்றில் இரண்டும் கலந்தே வரும்.

நான்காம் வகுப்பில் பின்னங்கள் நடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பயிற்றுநர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டிருக்கிறார். இடப்பக்கம் ஆசிரியை கேட்ட கேள்வி, வலப்பக்கம் பதில் சொன்னவர். வேறு ஒரு கருத்தும் எழுதவில்லை. இடைவேளையில் தாளை நீட்டுகிறார்.

"'எல்லாரும்', 'எல்லாரும்'னே எழுதியிருக்கீங்களே சார்?"

"ஆமா டீச்சர். சேர்ந்துதான் சொன்னாங்க."

"அப்போ யாருக்குத் தெரியுது, யாருக்குத் தெரியலன்னு எனக்கே தெரியாது." சற்று நேரம் தாளைப் பார்க்கிறார். "மூன்றில் ஒன்று பெருசா, நான்கில் ஒன்று பெருசான்னு கேட்டேன்ல? நாலுன்னுதான் சத்தம் வந்துச்சு. நான் மூணுன்னு திருத்திட்டுப் போயிட்டேன்."

"ஏன் நாலுன்னு சொன்னாங்க?"

"நாலு பெரிய நம்பர். அதனாலதான் இருக்கும். ஆனா நான் கேக்கலையே. 'புரிஞ்சுதா'ன்னு கேட்டேன். 'புரிஞ்சுது டீச்சர்'னு சொல்லிட்டாங்க."

இதுவரை கேள்வி கேட்கும் முறை. இதோடு விட்டால் ஆசிரியைக்குக் குற்ற உணர்வு மட்டும் மிஞ்சும். "நாளைக்குச் சிலேட்டுல எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லலாமா?" என்று பயிற்றுநர் கேட்பது வழிகாட்டல். "இப்பவே ஒரு தடவை பண்ணிப் பாப்போம். நான்தான் பையன். நாலுல ஒண்ணுதான் பெருசு டீச்சர்!" என்பது ஒத்திகை. ஆசிரியையின் வாயில் "இல்லப்பா" என்று வந்துவிடுகிறது, சிரித்துவிட்டு, "ஏம்பா அப்படி நினைக்கிற?" என்று மாற்றிக் கேட்கிறார். மொத்தம் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். இதில் பயிற்றுநரின் கெட்டிக்காரத்தனத்தைவிட அந்தத் தாள்தான் அதிக வேலை செய்திருக்கிறது.

ஒத்திகை எதற்கு என்று கேட்கலாம். மைக் ஹாபிஸ், சாம் சிம்ஸ், ரெபெக்கா ஆலன் மூவரும் 2021இல் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. ஆசிரியர்கள் முதல் சில ஆண்டுகளில் வேகமாக முன்னேறி, பிறகு அந்த வேகத்தை இழப்பதற்குப் பழக்கம் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஒரே சூழல் மீண்டும் மீண்டும் வரும்போது செயல் தானாக நிகழத் தொடங்குகிறது. அப்படி நிகழாவிட்டால் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது. ஆனால் தானாக நிகழ்வது கண்ணுக்கும் தெரியாது, அறிவுரைக்கும் அசையாது. பதினைந்து ஆண்டு அனுபவமுள்ளவர் பயிலரங்கில் தலையாட்டிவிட்டு, வகுப்புக்குள் நுழைந்ததும் பழையபடியே "புரிஞ்சுதா?" என்று கேட்பதைச் சோம்பல் என்று எழுதித் தள்ளுவது அநியாயம்.

இனி எண்கள். மாத்யூ கிராஃப்ட், டேவிட் பிளேசர், டிலன் ஹோகன் மூவரும் 2018இல் 60 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகள். கற்பிக்கும் முறையில் 0.49 திட்ட விலக்கம் முன்னேற்றம், மாணவர் கற்றலில் 0.18. கல்வி ஆய்வுலகில் இவை கணிசமான எண்கள். ஆனால் ஆசிரியர் எண்ணிக்கை நூறைத் தாண்டிய திட்டங்களில் பலன் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. கூடுதல் மணி நேரம் கொடுத்தால் கூடுதல் பலன் என்ற நேர்க்கோடும் அதில் தெரியவில்லை. கிராஃப்டும் பிளேசரும் நியூ ஆர்லியன்ஸில் பார்த்த ஒரு திட்டத்தில் முதல் அணி ஆசிரியர்கள் நன்றாக முன்னேறினார்கள். அடுத்த ஆண்டு அணியில் பலனே தெரியவில்லை. இடையில் பயிற்றுநர்களும் மாறியிருந்தார்கள், ஒவ்வோர் ஆசிரியருக்கும் கிடைத்த நேரமும் குறைந்திருந்தது. யார் பயிற்றுநர் என்பது முக்கியம் என்றாகிறது; நல்ல பயிற்றுநர்களைச் சுற்றறிக்கை அனுப்பி உற்பத்தி செய்ய முடியாது.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆலன், ராபர்ட் பியான்டா குழுவினர் நடத்திய சோதனை 2011இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 78 உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்கள் தங்கள் வகுப்பை வீடியோ எடுத்து அனுப்பினார்கள். பயிற்றுநர் அதிலிருந்து சில துண்டுகளை மட்டும் எடுத்து, "இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், பிள்ளைகள் எப்படி எதிர்கொண்டார்கள்?" என்ற வகையில் கேள்விகளோடு திருப்பி அனுப்புவார். ஆசிரியர் அவற்றைப் பார்த்து எழுதுவார். பிறகு தொலைபேசியில் பேசுவார்கள். பலன் பயிற்சி நடந்த ஆண்டில் இல்லை, அது முடிந்த அடுத்த ஆண்டில் புதிய மாணவர்களிடம் தெரிந்தது: நூறு பேரில் 50ஆவது இடத்தில் இருக்கக்கூடிய மாணவர் 59க்கு நகர்ந்ததற்குச் சமம். மீள்நோக்கு பழக்கமாகிறதா என்ற கேள்விக்கு நேர்ச் சான்று கிடைப்பது அரிது. பயிற்றுநர் விலகிய பின்னும் மாற்றம் நிலைத்தது என்பது அதற்கு மிக அருகில் வருகிறது.

அமெரிக்கா வசதியான நாடு என்று தள்ளிவிடலாம். தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில், தாய்மொழியான செட்ஸ்வானாவில் வாசிக்கக் கற்பிப்பதை முன்வைத்து 2015இல் ஒரு சோதனை தொடங்கியது. இரண்டு அணிகளுக்கும் ஒரே பாடத்திட்டக் குறிப்புகள், ஒரே வாசிப்பு நூல்கள். ஓர் அணி ஆசிரியர்களை ஓரிடத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள்; மற்ற அணிக்குப் பயிற்றுநர் மாதாமாதம் வகுப்புக்கே போனார். இரண்டு ஆண்டு முடிவில் முதல் அணியின் மாணவர்கள் ஏறக்குறைய 0.12 திட்ட விலக்கம் முன்னேறியிருந்தார்கள், இரண்டாம் அணியினர் 0.25. பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து வாசிக்க வைப்பது போன்ற கடினமான மாற்றங்கள் பயிற்றுநர் போன வகுப்புகளில்தான் கூடுதலாக நிகழ்ந்தன. பிறகு ம்புமலாங்கா மாகாணத்தில் ஆங்கில வகுப்புகளில், செலவைக் குறைக்க, நேரில் போவதற்குப் பதிலாக டேப்லெட் வழியாகவும் அலைபேசி வழியாகவும் வழிகாட்டிப் பார்த்தார்கள். முதலாண்டில் நேரில் போனதும் தொலைவிலிருந்து வழிகாட்டியதும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. மூன்றாண்டு முடிவில் நேரில் போனது தெளிவாக முந்திவிட்டது. ஓராண்டு முடிவை வைத்துக்கொண்டு விழா எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு எடுக்கலாம்.

இந்தியச் சான்றுகள் வேறு தொனியில் இருக்கின்றன. ஆந்திரக் கிராமப்புறப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. நூறு பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு, அவர்கள் மாணவர்கள் எதில் பலவீனம் என்ற விரிவான அறிக்கை கொடுக்கப்பட்டது. வகுப்புகளும் அவ்வப்போது பார்வையிடப்பட்டன. பார்வையாளர் வந்த வேளைகளில் இந்த ஆசிரியர்கள் மற்றவர்களைவிடச் சுறுசுறுப்பாகக் கற்பித்தார்கள். ஆண்டு இறுதித் தேர்வில் அவர்களுடைய மாணவர்கள் மற்ற பள்ளி மாணவர்களைவிட ஓர் இம்மியும் மேலே இல்லை. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு முன்னேற்றத் திட்டம் எழுத வைத்த 'ஷாலா சித்தி' பற்றி முரளிதரனும் அபிஜித் சிங்கும் 2020இல் எழுதியதும் இதே ரகம். மதிப்பீடுகள் நடந்தன, திட்டங்கள் எழுதப்பட்டன, கற்பித்தலிலும் கற்றலிலும் மாற்றமில்லை. இருந்தும் அந்த மாதிரி நாடெங்கும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது.

இந்த இரண்டையும் வைத்து வகுப்பறை வழிகாட்டலே இந்தியாவுக்குச் சரிப்படாது என்று சொல்ல முடியாது. ஆந்திராவில் ஆசிரியருக்குக் கிடைத்தது அறிக்கை. பக்கத்தில் உட்கார்ந்து அதை அடுத்த பாடமாக மாற்ற ஆளில்லை. மத்தியப் பிரதேசத்தில் எழுதியது மேலே அனுப்புவதற்காக. இரண்டிலும் பார்க்கப்பட்டவர் ஆசிரியர், பார்த்தது யாரோ. தன் வகுப்பைத் தானே பார்க்கும் வாய்ப்பு அவருக்கு வரவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கான ஆள்பலம் பெயரளவில் எப்போதோ வந்துவிட்டது. வட்டார வள மையங்கள் தோறும் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் ஆசிரிய ஆலோசகர்கள் ஏறக்குறைய இதே பணிக்கு நியமிக்கப்படுகிறார்கள். செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவியபோதும், 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியபோதும், புதிய முறையை வகுப்புக்குள் கொண்டுசேர்க்கத் தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்றுநர்களைத்தான் நம்பினார்கள். ஆனால் பயிற்றுநரின் ஒரு வாரத்தைப் பாருங்கள். பயிற்சிக்குக் கருத்தாளராகப் போக வேண்டும். பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க வேண்டும். பொருள்கள் வந்து சேர்ந்ததா என்று சரிபார்க்க வேண்டும். பள்ளி விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில் விடுபட்டதை நிரப்பச் சொல்லித் தலைமையாசிரியரை நச்சரிக்க வேண்டும். மிச்ச நேரத்தில் வகுப்பைப் பார்வையிட்டு, கைப்பேசிச் செயலியில் 'ஆம்', 'இல்லை' என்று தொட்டு அனுப்ப வேண்டும்.

அந்தச் செயலிதான் சிக்கலின் மையம். பார்த்ததெல்லாம் அதன் வழியே மேலே போகிறது என்று தெரிந்த ஆசிரியர், தனக்குச் சந்தேகமான பாடத்தை அன்று நடத்துவாரா? நன்றாக ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் எடுப்பார். துணைக்கருவிகள் பீரோவிலிருந்து இறங்கும், கெட்டிக்காரப் பிள்ளைகள் முன்வரிசைக்கு வருவார்கள். பயிற்றுநரும் மனிதர்தானே, நாளைக்கும் அதே பள்ளிக்குப் போக வேண்டியவர், 'ஆம்' என்றே தொட்டுவிட்டு டீ குடித்துவிட்டுக் கிளம்புவார். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் எதையும் பார்க்கவும் இல்லை. ஜாய்ஸும் ஷவர்ஸும் தீர்ப்பை வெளியே வைத்ததன் காரணம் இங்கே கண்முன் நிற்கிறது.

பயிற்றுநரே இல்லாமலும் வகுப்பறை வழிகாட்டல் நடக்கலாம். அமெரிக்காவின் டென்னசியில் ஜான் பாபேயும் சக ஆய்வாளர்களும் நடத்திய சோதனையில், ஒரு திறனில் பலவீனமான ஆசிரியரை அதே பள்ளியில் அந்தத் திறனில் பலமானவரோடு ஜோடி சேர்த்தார்கள். மாணவர் மதிப்பெண்கள் உயர்ந்தன. ஜப்பானில் ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தை மாதக்கணக்கில் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் நின்று பார்ப்பது மெய்ஜி காலத்திலிருந்து வரும் வழக்கம். அங்கே பார்ப்பது பாடத்தையும் பிள்ளைகளையும், ஆசிரியரை அல்ல. அதனால் தவறு பொதுச்சொத்தாகிவிடுகிறது. அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் நம் குறுவள மையக் கூட்டங்கள் இப்படி ஆகியிருக்கலாம். பவர்பாயின்ட் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அண்மையில் இயந்திரமும் வந்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டின் இலவச இணைய நிரலாக்க வகுப்பு ஒன்றில், மாணவர் சொன்னதை ஆசிரியர் எங்கே எடுத்து வளர்த்தார் என்று கணினியே உரையாடல் பதிவிலிருந்து கண்டுபிடித்து அவருக்கு அனுப்பியது. டோரா டெம்ஸ்கி குழுவினரின் இந்தச் சோதனையில், மாணவர் கருத்தை எடுத்து வளர்ப்பது 13 சதவீதம் கூடியது. அறிக்கை ஆசிரியருக்கு மட்டுமே போனது என்பதை நான் சிறிய விவரமாக எண்ணவில்லை. தமிழ் வகுப்பறையின் கூட்டு இரைச்சலில் இது எப்படி வேலை செய்யும் என்பது தனிக் கதை. அதைவிட, பதிவு ஒருமுறை கணினிக்குள் போய்விட்டால் அதைக் கேட்டு வாங்க அலுவலகத்துக்கு எத்தனை நாள் ஆகும் என்பதுதான் கேள்வி.

செய்யக்கூடியது என்ன? ஒரு நாளைக்கு இரண்டு ஆசிரியர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வகுப்பு பார்வையும் ஓர் உரையாடலும் என்று வைத்தால், பத்து வேலை நாளில் ஒரு பயிற்றுநரால் இருபது பேரைப் பார்க்க முடியும். அந்த இருபது பேருக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் வருவார். ஒரே ஒரு வட்டாரத்தில், ஒரே ஒரு கல்வியாண்டுக்கு, சில பயிற்றுநர்களைக் கணக்கெடுப்பிலிருந்தும் செயலியிலிருந்தும் விடுவித்து இதைச் செய்து பார்க்கலாம். கேள்வி எழுதிய தாளை ஆசிரியரே வைத்துக்கொள்ளட்டும். பயிற்றுநர் மேலே அனுப்புவது போன தேதி மட்டும். மற்ற வட்டாரங்களோடு ஒப்பிடும் அளவீட்டை மறு ஆண்டு, பயிற்றுநர் போகாத ஆண்டில், பிள்ளைகளிடம் எடுக்க வேண்டும். இதற்குப் புதிய பணியிடம் எதுவும் தேவையில்லை. ஓராண்டுக்கு அந்த வட்டாரத்திலிருந்து வகுப்புப் பார்வை விவரம் வராது என்பதை மாவட்ட அலுவலகம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.